இமேஜ் சைஸ், கேன்வாஸ் சைஸ்: ஆல்பம் ஷீட்ல போட்டோ ஏன் இழுத்துக்குது?

தம்பி, நீங்க கேட்டத முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கற மத்தவங்களுக்கும் புரியணும்ல. தங்கச்சி கல்யாண ஆல்பத்த நீங்களே போட்டோஷாப்ல டிசைன் பண்றீங்க, லேப்ல 12க்கு 36 இஞ்ச் ஷீட், 300 ரெசல்யூஷன்ல, அதாவது இஞ்சுக்கு 300 பிக்சல்னு கேட்டிருக்காங்க. கேமரா போட்டோவ திறந்து இமேஜ் சைஸ்ல 36 இஞ்ச், 12 இஞ்ச்னு அடிச்சா ஆளெல்லாம் குண்டா இழுத்துக்குது, அத விட்டுட்டு கேன்வாஸ் சைஸ்ல அதே நம்பர அடிச்சா ஓரத்துல வெள்ளைப் பட்டை வருது, மேல தலை வெட்டிக்குது. ரெண்டுமே சைஸ் தான, அப்புறம் என்ன வித்தியாசம்னு கேட்டீங்க.

நல்ல கேள்வி. கும்பகோணத்துல ஆல்பம், பத்திரிகை, ப்ளெக்ஸ்னு இந்த வேலையே பண்ணிட்டு இருக்கறதால சொல்றேன், வேலைக்கு புதுசா வர்ற பசங்க எல்லாருமே இந்த இடத்துல தான் தடுக்கறாங்க. அதுக்குக் காரணம் என்னன்னா எல்லாரும் இத ரெண்டு விஷயமா பாக்கறாங்க, நிஜத்துல இதுல மூணு விஷயம் இருக்கு. இமேஜ் சைஸ்ங்கற ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு தனித்தனி வேலை ஒளிஞ்சிருக்கு, ரீசாம்பிள்னு அதுல கீழ ஒரு சின்ன டிக் இருக்கும் பாருங்க, அது போட்டிருந்தா ஒரு வேலை, எடுத்துட்டா முழுக்க வேற வேலை. மூணாவது தான் கேன்வாஸ் சைஸ்.

நம்ம வீட்டு வாசல்ல போடற புள்ளிக் கோலத்த நினைச்சுக்கோங்க. 15 புள்ளிக் கோலம் ஒண்ணு, அதே 15 புள்ளிய கொஞ்சம் தள்ளித் தள்ளி வச்சா கோலம் பெருசா தெரியும், நெருக்கி வச்சா சின்னதா, ஆனா நல்லா அடர்த்தியா தெரியும், புள்ளி எண்ணிக்கை மட்டும் மாறவே மாறாது, இது தான் ரீசாம்பிள் டிக்க எடுத்துட்டு ரெசல்யூஷன மாத்தறது. அதே கோலத்துக்கு 30 புள்ளி வேணும்னா நடுவுல இல்லாத புள்ளிய புதுசா வைக்கணும், அது ரீசாம்பிள். கோலத்துல கையே வைக்காம சுத்தி இன்னும் நாலடி வாசல தெளிச்சு விட்டா அது கேன்வாஸ் சைஸ். புள்ளிங்கற இடத்துல பிக்சல்னு போட்டுக்கிட்டா அவ்ளோ தான் விஷயம்.

இப்ப உங்க போட்டோவுக்கே வருவோம். 24 மெகாபிக்சல் கேமரான்னா பெரும்பாலும் 6000க்கு 4000 பிக்சல் இருக்கும். உங்க ஷீட் 36 இஞ்ச், இஞ்சுக்கு 300 பிக்சல், அப்ப அகலம் 10800, உயரம் 12 இஞ்ச்னா 3600. நீங்க இமேஜ் சைஸ்ல அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவுல இருக்கற சங்கிலிய அவுத்து விட்டுட்டு ரெண்டு நம்பரையும் தனித்தனியா அடிச்சிருக்கீங்க, அதான் அப்படி ஆயிருக்கு. 6000 அகலம் 10800 ஆனா 1.8 மடங்கு, 4000 உயரம் 3600 ஆனா 0.9 மடங்கு. ஒரு பக்கம் இழுத்து ஒரு பக்கம் அமுக்கியாச்சு, வகுத்துப் பாத்தா சரியா ரெண்டு மடங்கு வருது, அதாவது மாப்பிள்ளை முகம் இருக்க வேண்டிய அகலத்தப் போல ரெட்டை அகலத்துல நிக்குது. சாப்ட்வேர் மேல தப்பு இல்ல, நீங்க சொன்னத அப்படியே செஞ்சிருக்கு.

கேன்வாஸ் சைஸ்ல என்ன ஆச்சுன்னா, அது போட்டோவ பெருசாவும் ஆக்கல சிறுசாவும் ஆக்கல, சுத்தி இருக்கற இடத்த மட்டும் 10800க்கு 3600ன்னு மாத்துச்சு. போட்டோ அகலம் 6000 தான், அதனால இடது பக்கம் 2400, வலது பக்கம் 2400 பிக்சல் காலியா நின்னுச்சு, அங்க தான் வெள்ளை. உயரம் 4000 இருந்தத 3600க்கு கொண்டு வந்தா மேல 200, கீழ 200 வெட்டுப்பட்டுச்சு, தலை போனது அங்க தான். வெட்டுறதுக்கு முன்னாடி புது கேன்வாஸ் பழசவிட சின்னது, கொஞ்சம் வெட்டுப்படும்னு ஒரு எச்சரிக்கை வந்திருக்கும், அத படிக்காம ஓகே கொடுக்காதீங்க.

அப்ப சரியான வழி என்ன? போட்டோவ திறந்து அத ஷீட்டா மாத்தறதே வேணாம். பைல்ல போய் புதுசா ஒரு டாகுமெண்ட், 36 இஞ்ச், 12 இஞ்ச், 300 ரெசல்யூஷன், இது தான் உங்க ஷீட். அதுக்குள்ள பைல் மெனுல பிளேஸ் எம்பெடட் கொடுத்து போட்டோவ உள்ள கொண்டு வாங்க, அது ஸ்மார்ட் ஆப்ஜெக்டா வந்து உக்காரும், கண்ட்ரோல் டி அடிச்சு பெருசு சிறுசு பண்ணிக்கலாம், சின்னதாக்கிட்டு திரும்ப பெருசாக்கினாலும் ஒரிஜினல் பிக்சல் உள்ள பத்திரமா இருக்கும். சாதா லேயர்ல அப்படி இல்ல, சின்னதாக்கி என்டர் தட்டிட்டா பிக்சல் போனது போனது தான்.

இதுல ஒரு அழகான கணக்கு இருக்கு. 6000க்கு 4000 போட்டோவ ஷீட் உயரத்துக்கு, அதாவது 3600க்கு கொண்டு வந்தா 90 சதவீதம், அகலம் 5400 ஆகும், 5400 பிக்சல்னா 18 இஞ்ச், சரியா பாதி ஷீட். ஒரு போட்டோ ஒரு பக்கத்துல ஒரு மயிரிழை கூட வெட்டாம பொருந்தும், ரெண்டு போட்டோ பக்கத்துல பக்கத்துல வச்சா ஷீட் நிறைஞ்சிடும். 12க்கு 18ங்கறதும் கேமராவோட 3க்கு 2 விகிதமும் ஒண்ணு தான், அதனால தான் இந்த சைஸ் ஆல்பத்துல வேலை இவ்ளோ சுலபமா போகுது. ஒரே போட்டோவ முழு ஷீட்டுக்கும் விரிக்கணும்னா 180 சதவீதம் பெருசாக்கணும், உயரம் 7200 ஆயிடும், ஷீட்ல 3600 தான் இடம், பாதி போட்டோ வெளிய போயிடும். அதுக்குன்னே மேல கீழ நிறைய இடம் விட்டு எடுத்த போட்டோவா பாத்து எடுங்க, மண்டபத்த தூரத்துலேந்து எடுத்தது, இல்ல காவிரி படித்துறையில நின்னு எடுத்தது மாதிரி. 36 இஞ்சுக்கு 6000 பிக்சல்னா இஞ்சுக்கு 167 தான் கிடைக்கும், பின்னணியா போட அது தாராளமா போதும். நடு மடிப்புல மட்டும் யாரோட முகமும் வந்துடாம பாத்துக்கோங்க.

சரி, இப்ப அந்த ரீசாம்பிள் டிக், இத கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா அதிகமா கெடுக்கறது இது தான். கேமராலேந்து வந்த போட்டோவ திறந்தா சிலதுல ரெசல்யூஷன் 72ன்னு காட்டும், சிலதுல 240, சிலதுல 300. 72ன்னு பாத்ததும் ஐயோ குவாலிட்டி கம்மின்னு பயந்து, டிக் இருக்கறத கவனிக்காம 300ன்னு அடிச்சிடறாங்க. 6000க்கு 4000 போட்டோ அப்ப என்ன ஆகும் தெரியுமா, 25000க்கு 16667 ஆகும். 40 கோடி பிக்சலுக்கு மேல, திறந்து வச்சாலே ஒரு ஜிபிய தாண்டும், கம்ப்யூட்டர் திணறும், குவாலிட்டி ஒரு துளி கூட கூடியிருக்காது, ஏன்னா அத்தன பிக்சலும் பக்கத்து பிக்சல பாத்து சாப்ட்வேர் யூகிச்சுப் போட்டது. அதே டிக்க எடுத்துட்டு 300ன்னு அடிச்சுப் பாருங்க, அகலம் 83 இஞ்ச்னு இருந்தது 20 இஞ்ச்னு மாறும், பிக்சல் நம்பர் அசையாது, பைல் சைஸ் அசையாது. பிரிண்டருக்கு நீங்க கொடுக்கற ஒரு குறிப்பு தான் அது, இந்த பிக்சல இஞ்சுக்கு இத்தனைன்னு நெருக்கி வைப்பான்னு. லேப்ல 300 இருக்கான்னு கேட்டா அவங்க நிஜத்துல கேக்கறது, நீ சொல்ற இஞ்சுக்கு போதுமான பிக்சல் இருக்கான்னு தான். இஞ்ச பிக்சலால வகுக்காதீங்க, பிக்சல இஞ்சால வகுங்க, வர்ற நம்பர் 200லேந்து 300க்குள்ள இருந்தா ஆல்பத்துக்கு கவலையே இல்ல.

போட்டோஷாப் மாதிரியே ஜிம்ப்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு, அத வச்சிருக்கறவங்களுக்கு இது இன்னும் தெளிவா புரியும், அதுல இந்த மூணையும் மூணா பிரிச்சே வச்சிருக்காங்க. இமேஜ் மெனுல ஸ்கேல் இமேஜ்னா புது பிக்சல் போடறது, பிரிண்ட் சைஸ்னா நெருக்கம் மட்டும் மாத்தறது, கேன்வாஸ் சைஸ்னா சுத்தி இடம். என்ன கேட்டா புதுசா கத்துக்கறவங்களுக்கு இந்த அமைப்பு தான் நல்லது. ஆனா ஜிம்ப்ல கேன்வாஸ பெருசாக்கினா லேயர் தானா பெருசாகாது, லேயர சுத்தி மஞ்சள் கோடு தெரியும், அதுக்கு வெளிய பெயிண்ட் அடிச்சா ஒட்டாது, லேயர் டு இமேஜ் சைஸ் கொடுத்தா சரியாயிடும். போட்டோபியான்னு பிரவுசர்லயே திறக்கறது ஒண்ணு இருக்கு, அதுல போட்டோஷாப் மாதிரியே தான் எல்லாம். போன்ல ஸ்நாப்சீட்ல எக்ஸ்பேண்ட்னு ஒரு டூல் இருக்கு பாருங்க, அதுவும் கேன்வாஸ் வேலை தான்.

கேன்வாஸ் சைஸ எப்ப எடுக்கணும்னா, போட்டோ சரியா இருக்கு, சுத்தி இடம் மட்டும் வேணும்ங்கறப்ப. தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்த எடுத்திருப்பீங்க, 216 அடி விமானம், கிட்ட நின்னு எடுத்தா கலசத்துக்கு மேல வானமே இருக்காது, அங்க கும்பாபிஷேக அழைப்புன்னு எழுத்து போட இடம் வேணும். கண்ட்ரோல் ஆல்ட் சி அடிங்க, ரிலேடிவ்ங்கறத டிக் பண்ணிட்டு உயரத்துல 2 இஞ்ச் போடுங்க, ரிலேடிவ்னா இருக்கறதோட இன்னும் இவ்ளோன்னு அர்த்தம், மொத்த கணக்கு நீங்க போட வேண்டியதில்ல. அதுக்குக் கீழ ஆங்கர்னு 9 கட்டம் இருக்கும், போட்டோ எந்த ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்கணும்ங்கறது அது. கீழ வரிசை நடுக் கட்டத்த அழுத்தினா போட்டோ கீழயே நிக்கும், 2 இஞ்சும் மேல மட்டும் கூடும். நடுக் கட்டத்துலயே விட்டுட்டா மேல ஒரு இஞ்ச் கீழ ஒரு இஞ்ச்னு பிரிஞ்சிடும், நிறைய பேர் ரெண்டு தடவ பண்றது இதனால தான். புதுசா வந்த இடத்த வானத்தோட கலர்ல நிரப்பிக்கலாம், இல்ல காலி இடத்த சாப்ட்வேரே நிரப்பற கன்டென்ட் அவேர் பில்லோ ஜெனரேட்டிவ் பில்லோ வானத்துக்கு நல்லாவே வேலை செய்யும். ஆனா தயவு செஞ்சு கோயில் மேல அத ஓட விடாதீங்க. 13 நிலை இருக்கற விமானத்துல இல்லாத சிற்பத்தயும் இல்லாத நிலையையும் அது தன் இஷ்டத்துக்குப் போட்டுடும், ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ராஜராஜன் கட்டி வச்சத நாம பத்திரிகையில மாத்தி அச்சடிக்கறது எனக்கு மனசே ஒப்பாது, பாக்கற பெரியவங்களுக்கும் ஒப்பாது.

அந்த வெள்ளைப் பட்டை ஏன் வெள்ளையா வருதுன்னா, லேயர் பேனல்ல போட்டோ பேக்ரவுண்ட்னு பூட்டுப் போட்டு இருக்கறப்ப, புது இடத்த பேக்ரவுண்ட் கலர்ல நிரப்பும், அது சாதாரணமா வெள்ளை. கேன்வாஸ் பெட்டியிலயே கீழ எக்ஸ்டென்ஷன் கலர்னு இருக்கு, அங்க கறுப்பு வேணும்னா கறுப்பு, சந்தன கலர் வேணும்னா சந்தன கலர். பேக்ரவுண்ட டபுள் கிளிக் பண்ணி பூட்ட எடுத்துட்டா அந்த ஆப்ஷன் வேலை செய்யாது, புது இடம் கட்டம் கட்டமா, அதாவது காலியா இருக்கும். அப்படியே ஜேபெக்ல சேவ் பண்ணினா அந்தக் காலி இடமும் வெள்ளையா தான் வரும், காலியாவே வேணும்னா பிஎன்ஜி.

பத்திரிகை அடிக்கறவங்களுக்கு இன்னொண்ணு, 5க்கு 7 இஞ்ச் கார்டு முடிச்சாச்சு, பிரஸ்ல சுத்தி 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது வெட்டறதுக்கு விடற கூடுதல் ஓரம் கேக்கறாங்கன்னா ரிலேடிவ் போட்டு அகலம் 6, உயரம் 6 மில்லிமீட்டர், ஆங்கர் நடுவுல. 3 கேட்டா 6 எதுக்குன்னா ரெண்டு பக்கமும் இருக்குல்ல.

சில சமயம் ரெண்டும் சேந்து வேணும். இன்ஸ்டாகிராம்ல 1080க்கு 1350 போஸ்ட் போடணும், உங்க போட்டோ படுக்கையா 6000க்கு 4000, ஓரம் எதையும் வெட்ட மனசில்ல. முதல்ல இமேஜ் சைஸ், சங்கிலி பூட்டியே இருக்கட்டும், ரீசாம்பிள் டிக் இருக்கட்டும், அகலம் 1080 அடிச்சா உயரம் தானா 720 ஆகும். அப்புறம் கேன்வாஸ் சைஸ் 1080க்கு 1350, மேல 315 கீழ 315 வரும், அதுல உங்க டிசைன். இமேஜ் சைஸ் முதல்ல, கேன்வாஸ் அப்புறம், இந்த வரிசைய மாத்தினா ஒவ்வொண்ணுக்கும் திரும்ப கணக்கு போட்டுட்டு உக்காரணும்.

நம்ம டெல்டா பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர்ல இருப்பாங்க, அந்த ஊருக்கு விண்ணப்பிக்க போட்டோ கேட்டு வர்றாங்க, 400க்கு 514 பிக்சல். இதுக்கு ரெண்டு பெட்டியும் வேணாம், கிராப் டூல எடுத்து மேல பார்ல அகலம் 400 பிக்சல், உயரம் 514 பிக்சல்னு போட்டு முகத்த சரியா வச்சு என்டர் தட்டினா வெட்டறதும் பிக்சல் குறைக்கறதும் ஒரே அடியில முடியும். கிராப்ல ரேஷியோ மட்டும் போட்டா வெட்டும், பிக்சல புதுசா போடாது, சைஸ் போட்டா ரெண்டும் செய்யும், இந்த வித்தியாசத்த மனசுல வச்சுக்கோங்க. வேலைக்கு அப்ளிகேஷன் போடறப்ப இத்தன கேபிக்குள்ளன்னு கேப்பாங்கல்ல, அதுக்கும் முதல்ல பிக்சல குறைங்க, அதுக்கப்புறம் ஜேபெக் குவாலிட்டிய குறைங்க, 6000 பிக்சல் போட்டோவ அப்படியே வச்சுக்கிட்டு குவாலிட்டிய மட்டும் அடிமட்டத்துக்கு இறக்கினா முகம் கட்டம் கட்டமா உடைஞ்சிடும்.

ப்ளெக்ஸுக்கு 300 வேணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. 10 அடிக்கு 8 அடி பேனர்னா 120 இஞ்ச், 300ல வச்சா 36000 பிக்சல், பிஎஸ்டி பைல் 30000 பிக்சல் வரைக்கும் தான் தாங்கும், சேவே ஆகாது, பிஎஸ்பின்னு பெரிய பார்மட்டுக்கு போகணும். 72ல வச்சா 8640க்கு 6912, வேலை ஓடும், தேரடியில ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கறவங்களுக்கு தெளிவா தான் தெரியும்.

பெருசாக்கறத பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். நினைவஞ்சலிக்கு தாத்தாவோட ஒரே ஒரு பழைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவ கொண்டு வருவாங்க, மூணரை சென்டிமீட்டர் அகலம், நாலரை உயரம், அத 8க்கு 10 பிரேம் பண்ணணும். 300ல ஸ்கேன் பண்ணினா 413க்கு 531 பிக்சல் தான் வரும், 8 இஞ்சுல இஞ்சுக்கு 50 சொச்சம், அத இமேஜ் சைஸ்ல எவ்ளோ இழுத்தாலும் மொழுமொழுன்னு தான் இருக்கும். அதே போட்டோவ 1200ல ஸ்கேன் பண்ணுங்க, 1654க்கு 2126 கிடைக்கும், இஞ்சுக்கு 200க்கு மேல, நெத்தியில விபூதிப் பட்டை, மீசை முடி எல்லாம் அந்தத் தாள்ல எவ்ளோ பதிஞ்சிருக்கோ அவ்ளோவும் வரும். ஸ்கேனர்ல எடுத்தது தாள்ல நிஜமா இருந்தது, இமேஜ் சைஸ்ல ஏத்தினது சாப்ட்வேர் யூகிச்சது. யூகமும் வேண்டியிருக்கும் சில நேரம், அப்ப ரீசாம்பிளுக்குப் பக்கத்துல பிரிசர்வ் டீடெயில்ஸ் 2.0ன்னு இருக்கறத வைங்க, இல்ல போட்டோஷாப்போட கேமரா ரா உள்ள சூப்பர் ரெசல்யூஷன் இருக்கு, அது அகலம் உயரம் ரெண்டையும் ரெண்டு மடங்காக்கும். ஏஐ ஆப்ல முகத்த பளிச்சுனு ஆக்கறது மட்டும் பாத்துப் பண்ணுங்க, கண்ணும் பல்லும் புதுசா முளைச்சு வேற யாரோ மாதிரி ஆயிடும், பாட்டி பாத்ததும் இது அவர் இல்லம்பாங்க, அவங்க சொல்றது தான் சரி.

கடைசியா உங்க பைல் விஷயம். இழுத்துட்ட போட்டோவ அதே பேர்ல சேவ் பண்ணிட்டேன்னு எழுதியிருந்தீங்க. அத திரும்ப 6000க்கு 4000ன்னு அமுக்கினா உருவம் நேராயிடும், ஆனா உயரத்துல குறைஞ்ச பிக்சல் திரும்பாது, ஜேபெக்ல ரெண்டு தடவ சேவ் ஆனதுல வந்த சேதமும் போகாது. மெமரி கார்டுல ஒரிஜினல் இருந்தா அங்கேந்து எடுங்க. போட்டோகிராபர் வாட்ஸ்அப்ல அனுப்பினத வச்சு வேலை பாக்காதீங்க, சாதாரணமா அனுப்பினா அது 1600 பிக்சல் அளவுக்கு குறைஞ்சு தான் வரும், 300ல சுமார் அஞ்சேகால் இஞ்சுக்கு மேல தாங்காது. டாகுமெண்டா அனுப்பச் சொல்லுங்க, இல்ல ஒரு பென்டிரைவ எடுத்துட்டு நேர்ல போயிடுங்க. லேப்ல ஓரம் எத்தன மில்லிமீட்டர் வெட்டுவாங்கன்னு மட்டும் முன்னாடியே கேட்டு வச்சுக்கிட்டு, முதல் ஷீட்ட முடிச்சதும் ஒண்ணு மட்டும் பிரிண்ட் போட்டுப் பாத்துட்டு மத்ததுக்குப் போங்க.